உட்காராத மரப்பாச்சி

“தாயி, உட்கார மாட்டேங்கு.”

மடத்துத் தாயி சோற்று அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவன் மாசானம், அவளைவிட மூத்தவன். அவளை அவன் தாயி என்பான். அவனை அவள் அண்ணே என்பாள். மனசு தாங்காத போதெல்லாம் அங்கே வந்து நிற்பான்.

அண்டாவுக்குள்ளிருந்தே கேட்டாள்: “யாரு?”

“பொம்மை.”

அவள் தலையை வெளியே எடுத்தாள்.

“மனுசன் எந்திரிக்க மாட்டேங்கான்னு அழுதுக்கிட்டு வருவாங்க. பொம்மை உட்காரலேன்னு வந்த ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே.”

அவன் சிரிக்கவில்லை. கொண்டுவந்த சாக்குப் பையைக் கவிழ்த்தான்.

ஒரு கட்டில். ஒரு பீரோ. ஒரு ஊஞ்சல். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. மிச்சமெல்லாம் நாற்காலி. கை வைத்தது, கை இல்லாதது, குட்டையானது, சாய்மானம் மல்லாந்து கிடப்பது. பழப்பெட்டிப் பலகையை இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, யாரிடமும் கேட்காமல் தானே பழகிச் செய்தவை.

கடைசியாக வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மரப்பாச்சியை எடுத்தான். ஒரே கட்டையில் கடைந்தது. இடுப்பும் மடங்காது, முட்டியும் மடங்காது.

நாற்காலியில் வைத்தான். சரிந்து விழுந்தது.

வேறொன்றில் வைத்தான். விறைத்தபடியே வழுக்கித் தரைக்கு வந்தது.

“கோமுவோடதா?”

தலையாட்டினான்.

கோமு அவன் மகள். ஒரே மகள். “அப்பா, என் சொப்பு வீட்டுக்கு ஒரு நாற்காலி செஞ்சு தாங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பங்குனியில் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு நாளைக்கு என்று சொல்ல எதிரே ஆள் இல்லை.

“ஒரே ஒரு தடவை இது உட்கார்ந்துட்டாப் போதும் தாயி. அவ கேட்டதைக் குடுத்துட்டேன்னு இருக்கும். கண்ணை மூடிருவேன்.”

“கோமுவோட அம்மை ஆவுடை என்ன சொல்லுதா?”

“என்னத்தைச் சொல்லுதா? சோத்தைப் போடுதா. நாற்காலியைக் கண்டா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிடுதா.”

மடியிலிருந்து சின்ன ரம்பம் ஒன்றையும் எடுத்தான்.

“இடுப்புல அறுத்துக் கீல் வெச்சிரலாம்னு பார்க்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்.”

“சரி.”

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

தாயி கையைத் துடைத்தாள். அண்டாவைக் கவிழ்த்தாள். அதன் மேல் மரப்பாச்சியைப் படுக்க வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

“நான் பிடிச்சுக்கிடுதேன். அறுங்க.”

ரம்பத்தை அதன் இடுப்பில் வைத்தான். அது அங்கேயே இருந்தது.

“என்னண்ணே, ரம்பம் மழுங்கலா?”

“இங்கன பல்லு பட்டிருக்கு தாயி. அவளுக்கு மொதப் பல்லு முளைச்சப்போ கடிச்சது.”

தாயி பிடியை விடவில்லை.

“கோமு இதை எப்படி உட்கார வெப்பா?”

அவன் ரம்பத்தை எடுத்துக் கீழே வைத்தான். அரிசி ஆலையில் அவனுக்கு வேலை. அவள் எழும்பும்போதே கிளம்பிவிடுவான். அவள் பாயில் சாயும் நேரத்துக்குத்தான் வருவான். அவள் விளையாடி அவன் பார்த்ததே இல்லை.

“தெரியாது.”

“தெரியாமலா இத்தனை நாற்காலி?”

மரப்பாச்சியை அவன் கையில் திணித்துவிட்டு, அண்டாவை நிமிர்த்தி மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

மாசானம் வீட்டுக்கு வந்தான். ஆவுடை அடுப்படியில் இருந்தாள். அவள் கையில் மரப்பாச்சியைக் கொடுத்தான்.

“கோமு இதை எப்படி உட்கார வெப்பா?”

பிள்ளை போன பிறகு அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பொம்மையை முந்தானையால் துடைத்தாள்.

“வெக்க மாட்டா. அது நின்னுக்கிட்டேதான் இருக்கும். சொப்பு வீட்டு வாசல்ல.”

“பெறவு நாற்காலி யாருக்குக் கேட்டா?”

“ஆட்டத்துல அப்பா வேலை முடிஞ்சு வருவாரு. வந்தா உட்கார வேண்டாமா?”