ஒரு டீ குடிக்கும் நேரம்

பொள்ளாச்சி டாக்சி ஷெட்டில், சூடாக வந்து நின்ற காருக்குள் 'டிக், டிக்' என்று சத்தம். முதலாளி வரவழைத்த இன்ஜினியர் குலசேகரன் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"வால்வு அடிக்குது. இன்ஜினைப் பிரிக்கணும்."

"வேண்டாங்க," என்றாள் கார் கழுவும் செவந்தி.

இன்ஜினியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஸ்பேனர் தொடாம இந்தச் சத்தத்தை நீ நிறுத்திக் காட்டு! முடியலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

முதலாளியும் தலையாட்டினார்.

செவந்தி ஒரு டீ வாங்கி, ஆற்றி ஆற்றிக் குடித்தாள். கிளாஸ் காலியானபோது சத்தம் நின்றிருந்தது.

முதலாளி வாயைப் பிளந்தார். "என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலீங்க. சூடான இரும்பு ஆறுற சத்தமுங்க அது. அந்தச் சத்தம் நின்னப்புறந்தான் தினமும் வண்டிக்குத் தண்ணியே ஊத்துவேன்."

பிறகு இன்ஜினியரிடம் திரும்பினாள். "ஓடாத இன்ஜின்ல வால்வு எப்படிங்க அடிக்கும்? சாவி உங்க பையிலதானுங்களே இருக்கு!"