முதலாளி பிடித்த வயர்

எஸ்டேட் முதலாளி வரதப்பன் தன் ஜீப்பில் ஆறு மலிவு விளக்குகளை மாட்டச் சொன்னார். ஃபியூஸ், ரிலே எதுவும் கூடாதாம். அதெல்லாம் மெக்கானிக்குகள் கட்டிவிட்ட கதையாம். ஆறுக்கும் ஒரே மெல்லிய வயர்தான், ஆனாலும் தீப்பிடிக்காது என்று எழுதித் தர வேண்டுமாம். மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி எலக்ட்ரீஷியன் இருதயராஜுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

நான்காம் நாள் அவர் சொன்னபடியே மாட்டினான். “எழுதித் தர்றேன் முதலாளி. நான் சுவிட்ச் போடறப்ப இந்த வயரை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கங்க.”

பிடித்தார். ஆறு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. அரை நிமிஷத்தில் “சுடுதுடா” என்று கையை உதறினார்.

இருதயராஜ் சுவிட்சை அணைத்தான். “சூடானதும் விட்டுட்டீங்க பாருங்க, அந்த வேலையைத்தான் ஃபியூஸ் பாக்கும். அது வேண்டாம்னா சொல்லுங்க, பானெட்டுக்கு அடியில நீங்க உக்கார இடம் இருக்கு.”