திருப்பிக் கொடுத்த டெபாசிட்

"மிஸ், ஒரு குடும்பத்த நிறுத்தணும். அவங்க டெபாசிட்ட என்ன செய்யறது?"

கேட்டவள் உமையாள். அறுபதை நெருங்குகிறவள். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தன் ஃபிளாட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டே கேர் நடத்துகிறாள்.

கேட்கப்பட்டவள் ஜெசிந்தா. உமையாளின் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள். உமையாளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அதனால் மூத்தவள் இளையவளை மிஸ் என்பாள், இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். இதில் இருவருக்குமே கூச்சம் கிடையாது.

ஜெசிந்தா தன் வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தைக்குப் பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்ரிமென்ட்ல என்ன இருக்கு?"

யார் நிறுத்தினாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், டெபாசிட்டைக் கடைசி நாளில் திருப்பித் தர வேண்டும் என்று இருப்பதாக உமையாள் சொன்னாள்.

"அப்ப அதுபடி செய்யுங்க."

உமையாள் நகரவில்லை. அவர்கள் பையன் சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறான், குடியிருப்பவர்கள் காலி செய்யும்போது வீட்டுக்காரர்கள் பெயிண்டுக்கென்று அட்வான்ஸில் கழிப்பார்களே, அப்படிக் கொஞ்சம் கழிக்கலாமா என்று கேட்டாள்.

வாடகைக்கு இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு அப்படிக் கழிக்கப்பட்டு வயிறெரிந்தவள் இவள். பட்டவளுக்கே அந்தப் புத்தி வருகிறது பாருங்கள்.

"பையன் மட்டுமா கிறுக்கினான்?"

"இல்ல மிஸ். அவனும் மகிழாவும் சேர்ந்து."

"இப்பவும் சேர்ந்துதான் கிறுக்குறாங்களா?"

உமையாள் தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

பையன் பெயர் நகுலன். அப்பா கிரிதரனுக்குக் கட்டுமானக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். மகிழா, அந்த அடுக்குமாடியில் படிக்கட்டு கூட்டுகிற செல்லக்கிளியின் மகள். மூன்று வயது. செல்லக்கிளி தன்னால் முடிந்ததை மாதாமாதம் தருவாள். டெபாசிட் தந்ததில்லை, உமையாளும் கேட்டதில்லை.

ஒருநாள் மதியம் கிரிதரன் வந்தார். தன் மகனுக்குப் பக்கத்தில் மகிழா தூங்குவதைப் பார்த்தார். யார் பிள்ளை என்று விசாரித்தார். கோபப்படவில்லை. சிரித்த முகமாகவே சொன்னார். இந்த ரூம் ஏ.சி. நான் கொடுத்த டெபாசிட்டில் வாங்கியதுதானே, அந்தப் பிள்ளையை ஹாலில் படுக்க வையுங்கள் மேடம் என்றார்.

ஏ.சி.யைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். டெபாசிட் ஏ.சி.யாகித்தான் இருந்தது. பத்திரமாக வைத்துத் திருப்பித் தர வேண்டிய காசை, தன் காசு மாதிரி எடுத்துச் செலவழித்திருந்தாள் உமையாள்.

"ஹால்ல படுக்க வச்சீங்களா?"

"வச்சேன் மிஸ்."

ஜெசிந்தாவின் கை பாதியில் நின்றது. குழந்தை வாயைத் திறந்தபடி சோற்றுக்குக் காத்திருந்தது.

"ஒருநாள்தான் மிஸ் நான் சொன்னேன். மறுநாள் நான் ஒண்ணுமே சொல்லல. சாப்பிட்டு முடிச்சதும் அவளே பாயச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டா. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

உமையாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தபால் ஆபீஸில் எத்தனையோ பேர் அதட்டியபோதும் அழாதவள். ஒரு சின்னப் பிள்ளை பாயைச் சுருட்டியதற்கு அழுதாள்.

அன்றைக்கே கிரிதரன் குடும்பத்தை நிறுத்திவிட முடிவு செய்தாளாம். ஆனால் ஃபோனை எடுத்தால், நல்லாயிருக்கீங்களா சார் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாளாம்.

ஜெசிந்தா குழந்தையின் வாயைத் துடைத்து விளையாட அனுப்பினாள். உமையாளுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் கிரிதரன். சொல்லுங்க."

"சார்... வந்து... நீங்க தப்பா எடுத்துக்கலன்னா..."

"ஏன் குரல் இறங்குது?"

"அவர் காசு எங்கிட்ட இருக்கே மிஸ்."

"கழட்டுங்க."

"எத?"

"ஏ.சி.ய."

வெயில் கொளுத்துகிறது, பிள்ளைகளுக்கு வேர்க்குரு வரும், ஏ.சி.க்காகவே சேர்த்தவர்கள் போய்விடுவார்கள் என்று உமையாள் அடுக்கினாள். கடைசி நாளில் தந்தால் போதும் என்றுதானே அக்ரிமென்டில் இருக்கிறது என்றும் கேட்டாள்.

"கடைசி நாள் வரைக்கும் மகிழா எங்க படுப்பா?"

ஜெசிந்தா எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.



ஏ.சி. பாதி விலைக்குத்தான் போனது. மீதியை உமையாள் தன் சேமிப்பிலிருந்து போட்டாள். சுவர்க் கிறுக்கலுக்கு ஒரு பைசா கழிக்கவில்லை.

கிரிதரன் வீட்டுக்கே போய், டெபாசிட்டை அவர் கையில் கொடுத்தாள். இந்த மாதத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்றாள்.

அவர் முதலில் நம்பவில்லை. காசை இப்போதே ஏன் தருகிறீர்கள் என்றார். வேண்டுமானால் டெபாசிட்டைக் கூட்டித் தருகிறேன் என்றார். எதற்கும் அவள் மசியவில்லை என்றதும் அக்ரிமென்டைப் பிடித்துக்கொண்டார். நோட்டீஸ் ஒரு மாசம் இருக்கிறதே, அதுவரை பையன் வருவான் என்றார்.

"வரட்டும் சார். அவன் மேல எனக்கென்ன கோவம்?"

குரல் இறங்கவில்லை. படியிறங்கும்போதுதான் உமையாளுக்கே அது உறைத்தது. தெருமுனைக் கடையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் பயந்தபடியே, ஏ.சி. போனதும் இரண்டு குடும்பங்கள் போய்விட்டன.



சில நாள் கழித்து உமையாள் மறுபடியும் ஜெசிந்தாவிடம் வந்தாள்.

"எல்லாத்தையும் குடுத்துட்டேன் மிஸ். ரூம்ல இப்ப ஃபேன்தான் ஓடுது. இன்னும் மகிழா உள்ள வரமாட்டேங்குறா."

கூப்பிட்டுப் பார்த்தாளாம். மிட்டாய் காட்டினாளாம். தூக்கி வந்து அறையில் படுக்க வைத்தால், இவள் கண்ணசந்த நேரம் பார்த்து ஹாலுக்குப் போய்விடுகிறாளாம்.

"காசக் குடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன். என்ன மிஸ் செய்யறது?"

ஜெசிந்தா வீட்டில் அது பிள்ளைகள் தூங்கும் நேரம். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மட்டும் படுக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜெசிந்தா நாற்காலிகளை விலக்கினாள். குனிந்து மேசைக்கு அடியில் போனாள். வெறுந்தரையில் அவனுக்குப் பக்கத்தில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் படுத்தான்.

உமையாள் பார்த்துக்கொண்டே நின்றாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.



மறுநாள் மதியம், உமையாள் அறையிலிருந்த பாய்களையெல்லாம் ஹாலுக்கு இழுத்து வந்தாள். செருப்பு ஸ்டாண்டை வாசலுக்கு வெளியே தள்ளினாள். மகிழாவின் பாயைச் சுற்றி மற்ற பாய்களை விரித்தாள். பிள்ளைகளுக்கு இடம் மாறியதில் ஒரே கும்மாளம்.

மகிழா முதலில் முறைத்துப் பார்த்தாள். பிறகு தன் தலையணையைக் கொஞ்சம் நகர்த்தி நகுலனுக்கு இடம் விட்டாள்.

உமையாள் அவள் தலைமாட்டில் படுத்துக்கொண்டாள். மகிழா திரும்பி இவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

அன்றைக்கென்று பார்த்து, மகனைச் சீக்கிரம் கூட்டிப்போகக் கிரிதரன் வந்தார்.

கதவைத் திறந்ததும் அவருக்கு எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. ஹாலில் வரிசையாகப் பிள்ளைகள். நகுலனின் கால் மகிழாவின் மேல் கிடந்தது.

இந்தமுறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ரூமை வைத்துக்கொண்டு என் மகனை எதற்கு ஹாலில் போட்டீர்கள் என்றார். அதுவும் யார் பக்கத்தில் என்றார். மாதம் இன்னும் முடியவில்லை, அதுவரை நான் சொல்வதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார்.

உமையாள் பிள்ளைகளை மிதிக்காமல் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"மெதுவாப் பேசுங்க சார், பிள்ளைங்க தூங்குது. உங்க டெபாசிட் உங்க வீட்ல இருக்கு. யார் எங்க படுக்கணும்னு அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க."