பூனை அட்டை

ஓர் ஆய்வு மாணவி தன் நெறியாளரைப் பார்க்க வந்தார். வயதில் மாணவிதான் இரண்டு வருடம் மூத்தவர். பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் சகஜம். அங்கே யாரும் வயதைக் கேட்பதில்லை, பதிவு எண்ணைத்தான் கேட்பார்கள்.

மாணவியின் பெயர் அங்கயற்கண்ணி. வயது நாற்பத்தேழு. ஒரு பெண்கள் கல்லூரியில் உளவியல் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருடமாகப் பகுதிநேர ஆய்வு செய்கிறார். நெறியாளர், பேராசிரியர் சகாயராணி. அதிகம் பேச மாட்டார். பேசினாலும் பாதி கேள்வியாகத்தான் இருக்கும்.

ஆய்வு சின்னக் குழந்தைகளைப் பற்றியது. வீட்டில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டுக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்த நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள். மொத்தம் பதினான்கு பேர். கட்டுரையில் அவர்களுக்குப் பெயர் கிடையாது. கு-1, கு-2 என்று போகும்.

மாலை நாலரை மணி. அங்கயற்கண்ணி கல்லூரி முடிந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பையிலிருந்து கட்டுரையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஜர்னல்ல ரிவ்யூவர் கேட்ட திருத்தம் எல்லாம் போட்டுட்டேன் மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும். இது அச்சுக்குப் போனாத்தான் தீசிஸை வாங்குவாங்க. இந்த மாசத்தோட என் பதிவுக்குக் குடுத்த எக்ஸ்டென்ஷனும் முடியுது. இனிமே கேட்டாலும் கிடைக்காது."

சகாயராணிக்கு இது தெரியும். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. அவருடைய பதவி உயர்வுக் கோப்பிலும் ஒரு கட்டுரை குறைகிறது.

"ஃபீல்டு டைரி இருக்கா?"

இருந்தது. ஓரம் கிழிந்த நீல அட்டை நோட்டு. சகாயராணி கட்டுரையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி தேதியாகச் சரிபார்த்தார். அவர் வழக்கம் அது. எதிரே அங்கயற்கண்ணிக்குக் கண் சொருகியது.

"கு-9. ஆகஸ்ட் பதினாலு," என்றார் சகாயராணி. "டைரில பூனைன்னு எழுதியிருக்கீங்க."

அங்கயற்கண்ணிக்குத் தூக்கம் போய்விட்டது.

பூனை என்னவென்று சொல்லிவிட வேண்டும். காப்பகத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கயற்கண்ணி இரண்டு அட்டைகள் கொண்டுபோவார். அவரே வரைந்து லேமினேட் செய்தவை. ஒன்றில் பந்து. மற்றதில் சுருண்டு தூங்கும் பூனை. குழந்தை பந்தைத் தொட்டால் பொம்மைகளை எடுத்து வைத்து விளையாடிக்கொண்டே பேசலாம். பூனையைத் தொட்டால் இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். எழுதத் தெரியாத பிள்ளைகளின் கையெழுத்து அது. கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் இதை விவரமாக எழுதியிருந்தார். மதிப்பாய்வாளரும் பாராட்டியிருந்தார்.

"பூனையைத் தொட்ட அன்னைக்கா கட்டுரையில இருக்கிற அந்த நாலு வாக்கியத்தையும் அவ சொன்னா?"

"முதல்ல தொட்டா மேடம். அதுக்கு முந்தி அஞ்சு தடவை போனேன். அஞ்சு தடவையும் பூனைதான். அன்னைக்கு மழை வேற. அடுத்த பஸ் வரைக்கும் போக்கிடம் இல்ல. 'கொஞ்ச நேரந்தான்டா தங்கம், இந்த பொம்மை வீட்டை மட்டும் பாரு'ன்னேன். வந்து உக்காந்துட்டா. அப்புறம் அவளாத்தான் பேசினா. நான் அதட்டவே இல்ல."

"அதட்டியிருக்க மாட்டீங்க."

அந்தக் குழந்தை தன் அம்மாவைப் பற்றி நான்கு வாக்கியங்கள் சொல்லியிருந்தாள். கட்டுரையின் உயிரே இதுதான் என்று மதிப்பாய்வாளர் எழுதியிருந்தார். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"டைரியை யாரும் கேக்கப்போறது இல்ல மேடம்," என்றார் அங்கயற்கண்ணி. சொல்லிவிட்டுத் தானே தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்க மாட்டாங்க."

"எனக்காக மட்டும் சொல்லல. அதைப் படிச்சா நாலு பேருக்கு மனசு இளகும். அந்தக் காப்பகத்துக்கு இன்னும் ரெண்டு ஆயா போடுவாங்க."

"போடலாம்."

"அவ பாட்டி கைநாட்டு வச்சிருக்காங்க. காப்பகத்துல லெட்டர் கொடுத்திருக்காங்க. எதிக்ஸ் கமிட்டி சர்டிபிகேட் இருக்கு. பேரையும் எடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? போடலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

சகாயராணி கட்டுரையை மூடினார்.

"அந்த அட்டை ரெண்டும் கையில இருக்கா?"

பையின் அடியில் கிடந்தன. சகாயராணி வாங்கி, துடைத்து, மேசைமேல் வைத்தார். பந்து ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம்.

"இன்னைக்குப் பேசலாமா?"

அங்கயற்கண்ணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. கடைசியில் அசதிதான் மிஞ்சியது. கையை நீட்டிப் பூனையைத் தொட்டார்.

"நிஜமாவே முடியல மேடம். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சது. நாளைக்கு வாரேன்."

"கொஞ்ச நேரந்தான்," என்றார் சகாயராணி. ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். "இதைக் குடிச்சிட்டுப் போங்க. நாலு மணிக்கு ஏன் எந்திரிச்சீங்க?"

டீ நல்ல சூடு. அன்று முழுக்க அவரிடம் எல்லோரும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பதில் ஆரம்பித்தார். அங்கிருந்து கணவரிடம் போனார். அங்கிருந்து, கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லாத ஒன்றுக்குப் போனார். அது என்னவென்று என்னிடம் கேட்காதீர்கள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தார். சகாயராணி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம் எழுதுதீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். அடுத்த மாசம் ஒரு கருத்தரங்கு இருக்கு, வேலைக்குப் போற பொம்பளைங்களைப் பத்தி. அதுல வாசிக்கலாம்னு."

"மேடம்!"

"பேர் போட மாட்டேன். பெ-1னு போட்டுக்கிடுதேன்."

"அதெப்படி? இது நான் உங்ககிட்ட சொன்னது."

"நீங்களாத்தானே பேசினீங்க? நான் அதட்டலையே."

அங்கயற்கண்ணி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. ஏழு வருடத்தில் அந்த அறையில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"நான்தான் பூனையைத் தொட்டேனே!"

வெளியே தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த யாரோ நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சகாயராணி தாளை நான்காக மடித்து அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க. நீங்களே கிழிச்சிருங்க. இப்படிக் கேட்டதுக்கு என்னை மன்னிச்சிருங்க."

ஜெயித்த முகமாக அது இல்லை. அவரும் காலையில் சீக்கிரம் எழுந்தவர்தான்.

அங்கயற்கண்ணி தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கிழித்தார். துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

"அவ என்னை மாதிரிக் கத்தலையே மேடம்."

"அஞ்சு வயசு."

அங்கயற்கண்ணி துண்டுகளை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்தார்.

"அந்த நாலு வாக்கியத்தை எடுத்துட்டா கட்டுரை நிக்காது," என்றார் அங்கயற்கண்ணி.

"நிக்காமப் போகலாம்."

"என் பதிவு?"

"அதுவும் போகலாம். இன்னும் ஆறு மாசம் கேட்டு நான் லெட்டர் எழுதுதேன். குடுப்பாங்கன்னு சொல்ல முடியாது."

"உங்க ஃபைலு?"

சகாயராணி எழுந்து ஜன்னலோரப் பூந்தொட்டியில் ஆறிய டீயைக் கொட்டிவிட்டு வந்தார்.

அங்கயற்கண்ணி சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து முதல் வாக்கியத்தை அடித்தார். இரண்டாவதை அடித்தார். மூன்றாவதில் கை கொஞ்சம் நின்றது. சத்தியமாக அது கல்லையும் கரைக்கிற வாக்கியம். அதையும் அடித்து நான்காவதையும் அடித்தார். பாதிப் பக்கம் சிவப்பாகப் போயிற்று.

"பேசாம கு-9ஐயே எடுத்துரட்டுமா மேடம்? பதிமூணு பிள்ளைகள்னு போட்டுரலாம்."

"ஏன்? ஆறு தடவை போயிருக்கீங்க. அவளும் பதில் சொல்லியிருக்கா."

"அதைத்தானே இப்ப அடிச்சேன். இனி அவ நம்பருக்கு நேரா என்னத்த எழுத?"

சகாயராணி பூனை அட்டையை எடுத்து, அடித்த வரிகளின்மேல் வைத்தார்.

"அவ முதல்ல சொன்னதை எழுதுங்க."