மூன்று வருஷமாகத் தெலுங்கு படித்த ராஜா

முன்னொரு காலத்தில் வேங்கைக்காடு என்ற சீமையை மருதபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மதம்பிடித்த யானையை அடக்கச் சொன்னால் அடக்குவார். தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் வேர்த்து வழிவார். வேடிக்கை என்னவென்றால், அவர் கட்டிக்கொண்டு வந்த மகாராணி ரங்கமாம்பா தெலுங்கு தேசத்துப் பெண்.

கல்யாணமாகி மூன்று வருஷம். மூன்று வருஷமும் அவைப்புலவர் கச்சிமுத்தர் ராஜாவுக்குத் தெலுங்குப் பாடம் நடத்தினார். ராஜா எழுத்துப் படித்தார், வேற்றுமை படித்தார், செய்யுள்கூடப் படித்தார். மகாராணியிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. சொல்லும்போது எனக்கே எரிச்சல் வருகிறது, கூட இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ராஜா மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவும் ராணியும் ஒருவரோடு ஒருவர் பேசினால், அரண்மனை எழுத்தர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் அதற்கென்றே இருந்த ஒரே தந்த எழுத்தாணியால் ஓலையில் எழுதிவிடுவார். மறுநாள் அதைச் சபையில் வாசிப்பார்கள். தப்பாகப் பேசி அது சபையேறினால் மானம் போய்விடாதா? அதனால் ராஜா வாயைத் திறக்கவில்லை. மகாராணியும் திறக்கவில்லை.

ஒருநாள் மகாராணியின் அண்ணன் பல்லக்கோடும், தமிழ் தெரிந்த ஓர் ஆளோடும் வந்து இறங்கினான். புருஷன் பேசாமல் தங்கை இளைத்துப்போய்விட்டாள், வெள்ளிக்கிழமைக்குள் ராஜா வாய்திறந்து பேசாவிட்டால் கூட்டிப்போய்விடுவேன், அப்புறம் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

ராஜா பதறிப்போய் மந்திரி திருமேனியைக் கூப்பிட்டார். மந்திரி, பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று புலவரைக் கேட்டார். புலவருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது.

"வினைச்சொல் பாதி முடிந்திருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் போனால் ராஜா பிழையில்லாமல் பேசுவார். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மூன்று வருஷத்தில் என் வாயிலிருந்து ஒரு பிழையான தெலுங்கு வார்த்தை வந்ததுண்டா?" என்றார் புலவர்.

"பிழையில்லாத வார்த்தை எத்தனை வந்தது, புலவரே?" என்றார் மந்திரி.

புலவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். நல்லவேளை, மந்திரி தலையில் அடித்துக்கொண்டதை ராஜா பார்க்கவில்லை.

மந்திரி யோசித்துக்கொண்டே அரண்மனைப் பின்கட்டுப் பக்கம் போனார். அங்கே கீரைக்காரி வெள்ளச்சி கூடையை இறக்கிவைத்துவிட்டு மகாராணியோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். மகாராணி விழுந்து விழுந்து சிரித்தாள். மந்திரி அசந்துபோனார். வெள்ளச்சி வெளியே வந்ததும், யாரிடம் பாடம் கேட்டாய் என்று விசாரித்தார்.

"பாடமா? அதெல்லாம் யாரு கண்டா சாமி. நான் தப்புத் தப்பாப் பேசுவேன். மகாராணி சிரிச்சிட்டுத் திருத்துவாங்க. மறுநாள் வேற தப்புப் பண்ணுவேன். நாலு மாசத்துல வந்திருச்சு."

மந்திரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் பேச்சை ஓலையில் எழுதும் அந்த வழக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று அவர் ராஜாவிடம் கெஞ்சிப் பார்த்தும், பாட்டன் காலத்து வழக்கமாயிற்றே என்று ராஜா மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. மகாராணி பல்லக்கில் ஏறி உட்கார்ந்தாள். ராஜா வாசலில் நின்றார். ஒருபுறம் எழுத்தர் எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபுறம் புலவர், மனைவியைப் பன்மையில் அழைப்பதா ஒருமையில் அழைப்பதா என்று சுவடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பல்லக்குத் தூக்கிகள் தோள் கொடுத்துவிட்டார்கள்.

மந்திரிக்குப் பொறுமை போய்விட்டது. எழுத்தரிடமிருந்து எழுத்தாணியைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துப் போட்டார்.

"எழுத ஆணி கிடையாது. இப்போதாவது பேசித் தொலையுங்கள், மகாராஜா!"

ராஜா பல்லக்கின் பின்னால் ஓடினார். வாய்க்கு வந்த தெலுங்கையெல்லாம் கொட்டினார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நீ போகாது. நான் நேற்று அழுவேன்."

பல்லக்கு நின்றது. திரை விலகியது. மகாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவள் பேசியது தமிழ், அதுவும் அசல் கீரைக்காரித் தமிழ்.

"நேத்து இல்லே ராஜா, நாளைக்கு. நாலு மாசத்துல நான் உம்ம பாஷை கத்துக்கிட்டேன். எழுதிருவாங்கன்னு பயந்துதான் பேசலே. உமக்கு இதைச் சொல்ல மூணு வருஷமா?"

சொல்லிவிட்டுப் பல்லக்கிலிருந்து இறங்கினாள்.

புலவர் முன்னால் வந்து, அரண்மனை எழுத்தாணியை ஒடிப்பது கையை வாங்கும் குற்றம் என்று ராஜாவுக்கு நினைவூட்டினார். ராஜா மந்திரியைப் பார்த்தார்.

"உண்மைதான். குற்றத்தை ஓலையில் எழுதி வாசித்தால் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். எழுத்தர் எதை வைத்து எழுதுவார் என்று மட்டும் புலவர் சொல்லட்டும்" என்றார் மந்திரி.

ராஜா வாய்விட்டுச் சிரித்து, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். இனி அந்தப்புரத்தில் ஓலையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம் என்று உத்தரவு போட்டார். தனக்குத் தெலுங்குப் பாடம் சொல்ல வெள்ளச்சியை நியமித்தார்.

அவளுடைய கீரைக்கூடை புலவர் தலைக்குப் போனது. தெலுங்கு பேசும் நெசவாளர் தெருவில், தெலுங்கில் கூவி விற்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது ராஜ கட்டளை. முதல் நாள் புலவர் வாயே திறக்கவில்லை, கீரை முழுக்க வாடிப்போயிற்று. மூன்றாம் நாள் பசி தாங்காமல் ஏதோ கத்தினார். தெருவே சிரித்தது. ஒரு கிழவி சிரித்துக்கொண்டே வந்து, அவர் கத்தியதைத் திருத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனாள்.