ஏரிக்குப் போன நாற்காலி

பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்துக் கதை இது. நம்ப முடியாதவர்கள், ஆற்றில் மணலாவது கிடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆம்பூரில் ஜைபுன்னிசா என்றொரு பெண் தோல் நாற்காலிகள் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கட்டிய சோபாவில் சாய்ந்த ஒரு வக்கீல் மூன்று வாய்தா தூங்கிவிட்டாராம். கண் விழித்துப் பார்த்தால் வாதியும் பிரதிவாதியும் சம்பந்திகளாகியிருந்தார்களாம். உண்மையா என்று வக்கீலைக் கேட்கவும் வழியில்லை. அவர்தான் தூங்கிக்கொண்டிருந்தாரே.

அவளுக்கு ஒரே ஒரு சீடர், ஏகாம்பரம். குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் ரயில்வே கேட்டை மூடித் திறந்து ஓய்வு பெற்றவர். அவளை "உஸ்தாத்" என்றுதான் கூப்பிடுவார்.

"ஜைபுன்னு கூப்பிடுங்கண்ணே, போதும்" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பலிக்கவில்லை. மூடிய கேட்டைக் கலெக்டருக்கே திறக்காத மனுஷர்.

அவர் இந்த வேலையில் இறங்கியது மனைவி குமுதவல்லிக்காக. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, தூக்கம் கூடவில்லை. படுத்தால் குத்தியது. ஐந்து மாதமாகச் சுவரில் சாய்ந்தபடி கோழித் தூக்கம்.

பெங்களூரிலிருந்து மகள் பவானி போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன். அம்மா இனிமே எங்க வீட்லதான். சாஞ்சு தூங்குற சோபா வாங்கிப் போட்டுட்டேன்."

"ஏன், நான் கட்டித் தர மாட்டேனா?"

"ரெண்டு கட்டுனீங்களேப்பா."

கட்டினார்தான். முதல் நாற்காலியில் உட்கார்ந்த குமுதவல்லி சறுக்குமரத்தில் வருவதுபோல் தரைக்கு வந்து சேர்ந்தாள். இரண்டாவதில் சற்று நேரம் உட்கார்ந்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு எழுந்து சுவரோரம் போய்விட்டாள். அந்த "நல்லா இருக்குங்க" ஏகாம்பரத்தை இரண்டு நாள் அரித்தது.

வியாழக்கிழமை காலை இரண்டாவது நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கணும். தப்பு தோல்லயா, என் கையிலயா?"

ஜைபுன்னிசா நாற்காலியைக் கீழே இறக்கி வைத்தாள். இருக்கையை விரலால் தட்டினாள். தும் என்றது.

"மேளம் நல்லா இருக்குண்ணே. நாற்காலி எங்க?"

"ஒரு சுருக்கம் கிடையாது உஸ்தாத். குறடு போட்டு இழுத்துக் கட்டியிருக்கேன்."

"தெரியுது." அவள் ஊசியில் மெழுகு நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "உங்களை மாதிரியே ஒருத்தர் எருமைத் தோல்ல ஒரு நாற்காலி கட்டினார். ஈ உக்காந்தா வழுக்கும். அவ்வளவு இழுப்பு. நாற்காலிக்கு மூச்சு முட்டிப் போச்சு. ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சோத்துல கை வச்ச நேரம் பாத்து, நாலு காலையும் எடுத்து வச்சு ஏரிக்கு நடந்துடுச்சு."

"நாற்காலியா?"

"எருமைதானே? வெயிலுக்கு வேற எங்க போகும்? இவர் பின்னாலயே ஓடினார். அது கைப்பிடி வரைக்கும் தண்ணியில நின்னுட்டிருக்கு. இழுத்தார், வரலை. திட்டினார், வரலை. களைச்சுப் போய் அதுலயே உக்காந்தார். ஊறின தோல் அவரை அப்படியே வாங்கிக்கிச்சு. கொக்கு ஒண்ணு வந்து கைப்பிடியில நின்னுச்சு. அவர் தூங்கிட்டார்."

"சரி, அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தார்?"

"வந்தார்னு யார் சொன்னது?"

ஜைபுன்னிசா ஊசியை வைத்துவிட்டு எழுந்தாள். புதிதாக ஒரு தோலை எடுத்துக் கொடுத்தாள். கூடவே பதிமூன்று குமிழ் ஆணிகள்.

"பின்பக்கமும் ரெண்டு ஓரமும் நீங்க அடிச்சுடுங்க. தோலை ஈரத்துணி போட்டு மூடி வைங்க, காயக் கூடாது. இந்தப் பதிமூணும் முன்பக்கத்துக்கு. நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க."

ஏகாம்பரம் வீட்டுப் பின்கட்டு அறையில் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மரச்சட்டத்தில் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னினார். மேலே தேங்காய் நார், அதற்கு மேல் பஞ்சு, அதற்கும் மேல் தோல்.

குமுதவல்லி கைத்தடியால் கதவைத் தட்டினாள். "உள்ள என்ன தவமா?"

"வராதே. முடிச்சுட்டுக் கூப்பிடறேன்."

"ரெண்டு தடவையும் இதையேதான் சொன்னீங்க."

கதவு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜைபுன்னிசா வந்தாள். கூடத்தில் பயணப் பெட்டி கட்டித் தயாராக நின்றது. அவள் அதைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டினாள். ஏகாம்பரம் தாழ்ப்பாளை நீக்கினார். அவள் ஈரத்துணியை விலக்கித் தோலை அழுத்திப் பார்த்தாள். பிறகு திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, இங்க வாங்க. வந்து உக்காருங்க."

"ஐயோ உஸ்தாத், இன்னும் முடியலை!"

"அதான் கூப்பிடறேன்."

குமுதவல்லி சந்தேகத்தோடு உட்கார்ந்தாள். ஈரத் தோல் மெல்ல இறங்கியது. வலது இடுப்புக்குப் பயந்து அவள் எப்போதும் இடது பக்கம் சரிந்துதான் உட்காருவாள். இடது பக்கம் தோல் பள்ளமாயிற்று. வலது பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. ஏகாம்பரம் சுருக்கத்தைப் பார்த்தார். குறட்டுக்குக் கை போனது.

ஜைபுன்னிசா குறட்டைப் பிடுங்கிக்கொண்டு சுத்தியலைக் கொடுத்தாள்.

"இப்ப அடிங்க."

அவர் மனைவியின் காலடியில் மண்டியிட்டார். முதல் ஆணி. இரண்டாவது.

"அந்தப் பக்கம் கொஞ்சம் தளர விடுங்களேன்" என்றாள் குமுதவல்லி.

விட்டார்.

"ம். இன்னும் கொஞ்சம்."

விட்டார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் எப்படி உட்காருகிறாள் என்று அன்றுதான் பார்த்தார். மூன்று. நான்கு. டொக், டொக் என்று ஒரே தாளமாகச் சத்தம் விழுந்தது. தூரத்தில் எங்கோ கூட்ஸ் வண்டி போவது போலிருந்தது. ஜன்னல் வழியே வந்த வெயில் தரையில் தண்ணீர் போல அலைந்தது. ஐந்து. ஆறு.

ஏழாவது ஆணியில் நிமிர்ந்து பார்த்தார். குமுதவல்லியின் தலை சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஐந்து மாதமாக அவர் கேட்காத குறட்டை, சின்னதாக, பூனைக்குட்டி மாதிரி.

சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

வாசலில் கார் வந்து நின்றது. "அம்மா" என்று கூப்பிட்டபடி உள்ளே வந்த பவானி, பின்கட்டு வாசலில் அப்படியே நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். கார்ச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தூக்கத்தில் குமுதவல்லியின் கால்விரல்கள் அசைந்தன.

"தண்ணி சில்லுன்னு இருக்கு" என்று முணுமுணுத்தாள். "கொக்கை விரட்டாதீங்க."

ஏரிக் கதையை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஏகாம்பரம் குருவைப் பார்த்தார். குரு ஜன்னலைப் பார்த்தாள்.

அவர் உள்ளங்கையை விரித்தார். ஆறு ஆணிகள் மிச்சம்.

"உஸ்தாத்" என்றார், காற்றுக்கும் கேட்காத குரலில். "அடிச்சா முழிச்சுக்குவா. அடிக்கலைன்னா முன்பக்கம் பாதி திறந்தே கிடக்குமே?"

ஜைபுன்னிசா துப்பட்டாவைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.

"கிடக்கட்டுமேண்ணே. இப்ப எந்த ரயில் வருது, கேட்டை மூட?"