ராஜாவின் வெந்நீர் அடுப்புக்கு எத்தனை ஓம்?

இந்தக் கதையை நான் நேரில் பார்த்தவனில்லை. கல்லூரி விடுதியில் பக்கத்து அறை நண்பன் சொன்னான். அவனுக்கு பஸ்ஸில் கூட வந்த ஒருவர் சொன்னாராம். ராஜாவின் பெயரை அவன் இரண்டு தடவை இரண்டு விதமாகச் சொன்னான். எனக்குச் சரியென்று பட்டதை எழுதுகிறேன்.

தெற்கே சிங்கம்புதூர் என்றொரு சின்ன சமஸ்தானம். அதன் ராஜா வரகுணருக்கு எதிலும் எண் பெரிதாக இருக்க வேண்டும். அவரிடம் இருந்தது ஒரே யானைதான். ஆனால் அதன் பெயருக்கு முன்னால் பதினேழு பட்டங்கள். அரண்மனைக்கு டைனமோ வந்ததும் அவர் முதலில் வாங்கியது விளக்கு அல்ல, மின்சார வெந்நீர் அடுப்பு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அவர் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

டைனமோவையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டவர் தெய்வச்சிலை. மின்சார மணியம் என்பது அவர் பதவி. அந்தப் பதவியைத் தன் மைத்துனருக்கு வாங்கித் தரத் திவான் சபாபதி நெடுநாளாகக் காத்திருந்தார்.

ஒரு நாள் ராஜா பக்கத்து நெடும்பாறை சமஸ்தானத்துக்கு விருந்துக்குப் போய், முகம் வாடித் திரும்பினார். அந்த ராஜாவும் வெந்நீர் அடுப்பு வாங்கியிருக்கிறார். அதன் மின்தடை நாற்பத்து நான்கு ஓமாம். உங்கள் அடுப்புக்கு எவ்வளவு என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அரண்மனைக்கு வந்ததும் வரகுணர் மணியத்தைக் கூப்பிட்டு அதையே கேட்டார்.

தெய்வச்சிலை மீட்டர்களைப் பார்த்துச் சொன்னார். வோல்ட் இருநூற்று இருபது, ஆம்பியர் பத்து. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. ஆகவே இருபத்திரண்டு ஓம்.

"பாதியாவே?" என்றார் ராஜா.

தெய்வச்சிலை பொறுமையாக விளக்கினார். தடை குறைந்தால் மின்சாரம் அதிகம் ஓடும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவதுதான் திறன். நம் அடுப்பு இரண்டாயிரத்து இருநூறு வாட். நெடும்பாறை அடுப்பும் இதே வோல்ட்தான், ஆனால் அதில் ஓடுவது ஐந்தே ஆம்பியர். ஆயிரத்து நூறு வாட்தான் வரும். அந்த ராஜாவுக்குத் தண்ணீர் சுடுவதற்குள் நம் மகாராஜா குளித்து, தலை துவட்டி, பலகாரமே சாப்பிட்டிருப்பார்.

ராஜாவின் காதில் 'பாதி' தவிர வேறொன்றும் ஏறவில்லை. திவான் சமயம் பார்த்து உள்ளே புகுந்தார். மணியத்துக்குத் திறமை போதாது, தன் மைத்துனர் இருந்தால் இப்படி நடந்திருக்காது என்றார். உடனே ராஜா ஆணையிட்டார். வரும் சனிக்கிழமைக்குள் எந்த ராஜாவிடமும் இல்லாத அளவு தடையுள்ள அடுப்பு வேண்டும். தவறினால் மணியம் பதவி மைத்துனருக்கு. தண்ணீரும் நன்றாகக் கொதிக்க வேண்டும் என்று திவான் ஒன்றைச் சேர்த்தார். தெய்வச்சிலை தலையாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் பூசிக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு ராஜா மணையில் உட்கார்ந்தார். சீயக்காய் குழைத்துத் தயாராக இருந்தது. செங்கல் அடுப்பின் மேல் அண்டா. அதன் அடியில் பட்டுத் துணியால் மூடிய ஏதோ ஒன்று. அதற்குள் இரண்டு கம்பிகள் போயின. தெய்வச்சிலை சுவிட்சைப் போட்டார்.

அரை மணி நேரம் ஆனது. எண்ணெய் புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது.

"என்னவே தெய்வச்சிலை, தண்ணீர் இன்னும் பச்சையாவே கிடக்கு?"

திவான் அண்டாவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மைத்துனரைத் தலைப்பாகையோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

முதலில் தடையைப் பார்த்துவிடலாம், திவானே கணக்குப் போடட்டும் என்றார் தெய்வச்சிலை. திவான் மீட்டர்களைப் பார்த்தார். வோல்ட் இருநூற்று இருபது. ஆம்பியர் முள் அசையவே இல்லை, பூஜ்யம். பலகையில் இருநூற்று இருபதைப் பூஜ்யத்தால் வகுக்க ஆரம்பித்தார். ஆயிரம் ஓம் போட்டுப் பார்த்தார், போதவில்லை. லட்சம் போதவில்லை. கோடியும் போதவில்லை. பலகையில் இடம் தீர்ந்தது.

"இதுக்கு முடிவே இல்லை, மகாராஜா" என்று ஒத்துக்கொண்டார்.

ராஜா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அப்போ நெடும்பாறையை ஜெயிச்சுட்டோமா?"

"இனி அவர் என்ன வாங்கினாலும் ஜெயிக்க முடியாது, மகாராஜா" என்றார் தெய்வச்சிலை.

"அதெல்லாம் சரி. அன்னைக்கு ஏதோ திறன்னு சொன்னீரே, அது எவ்வளவு?"

"இருநூற்று இருபதைப் பூஜ்யத்தால் பெருக்கணும். பூஜ்யம் வாட்."

"நான் எப்படிவே குளிக்கிறது?"

தண்ணீர் கொதிக்க வேண்டும் என்பதும் ஆணையில் உண்டு என்று திவான் நினைவூட்டினார். தெய்வச்சிலை சுவிட்சை அணைத்தார். கம்பிகளைக் கழற்றினார். பட்டுத் துணியை உருவினார். உள்ளே இருந்தது நன்றாகக் காய்ந்த ஒரு புளியங்கட்டை.

"கொதிக்கும், மகாராஜா. ஒரு தீப்பெட்டி மட்டும் வேணும்."

ராஜா கட்டையைப் பார்த்தார், திவானைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் உடம்பு குலுங்கி, எண்ணெய் திவானின் கோட்டெல்லாம் தெறித்தது. தெய்வச்சிலைக்கு ஆயுள் முழுக்க மணியம் பதவி என்று அங்கேயே அறிவித்தார். அடுப்பு ஊதும் வேலையைத் திவானுக்குக் கொடுத்தார். தலைப்பாகையோடு வந்து நின்ற மைத்துனர் விசிறினார்.

பின்னால் எங்கள் ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, காய்ந்த புளியங்கட்டையை இருநூற்று இருபது வோல்ட்டில் சோதித்துப் பார்த்தேன். சாதாரண மீட்டரில் முள் அசையவில்லை. நுட்பமான மீட்டரில் மிக மிகக் கொஞ்சம் மின்சாரம் ஓடத்தான் செய்தது. ஆகவே புளியங்கட்டையின் தடைக்கும் ஒரு முடிவு உண்டு. கட்டை நனைந்திருந்தால் தடை வெகுவாக இறங்கி ஷாக் அடிக்கலாம், அதனால் யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.